பேர்ணடெட் சொன்ன ஓம்

ஆக்லாந்துக்குத் தெற்கே பாபகூராவில் பேர்ணடெட்டின் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் அங்கே இருக்கிற இரண்டு வாக்குவம் கிளீனர்களைப் பார்த்துக் கட்டாயம் யோசிப்பார்கள். ஒரு படுக்கையறை, ஒரு குசினி, ஒரே ஓர் ஆள். இதற்கு எதற்கு இரண்டு? போதாததற்கு அலுமாரியின் மேலே தடித்த தடித்த கலைக்களஞ்சியங்கள் கூரையை முட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றையும் அவள் திறந்ததில்லை.

எல்லாம் வாசலுக்கு வந்த விற்பனைக்காரர்களின் வேலை. அவர்கள் பேசுவார்கள். பேர்ணடெட் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட வேண்டாமா? அதற்காக இடைக்கிடை "யெஸ், யெஸ்" என்பாள். பேசி முடிகிற நேரம் பொருள் அவளுடையதாகியிருக்கும்.

அது அவள் பிறந்த மன்னார் பக்கத்துப் பழக்கம். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். ஒருவர் கதை சொன்னால் மற்றவர் "ஓம்... ஓம்..." போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை. காது இங்கேதான் இருக்கிறது, மேலே சொல்லுங்கள் என்பதுதான் பொருள். நியூசிலாந்துக்கு வந்து ஆங்கிலம் பேசப் பழகியபோது அந்த ஓமை அவள் அப்படியே 'யெஸ்' ஆக்கிவிட்டாள். வந்தது வினை.

ஓபராவில் அவள் சேர்ந்ததும் அப்படித்தான்.

ஆக்லாந்து நகர மையத்தில், வங்கிகளுக்கு நடுவே இருந்த ஒரு லஞ்ச் பாரில் அவளுக்கு வேலை. காலையில் முட்டை அவிப்பாள், பாணுக்கு வெண்ணெய் பூசுவாள். மத்தியானத்தில் கழுத்துப்பட்டி கட்டியவர்களின் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். அவளோடு நின்ற பூங்கோதை மதுரைக்காரி. இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். ஒருத்தி கதைப்பாள், மற்றவள் பேசுவாள்.

தினமும் முட்டை சான்ட்விச் வாங்க வருகிற மிஸ்டர் கோல்மன் ஓய்வு பெற்ற சங்கீத ஆசிரியர். பேர்ணடெட் தக்காளி வெட்டும்போது தேவாலயப் பாட்டு ஒன்றை முணுமுணுப்பதை 1996 மார்ச்சில் ஒரு நாள் அவர் கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து வரிசையை மறித்துக்கொண்டு கதை சொல்லத் தொடங்கினார். தானும் சில நண்பர்களும் சேர்ந்து ஓர் இத்தாலிய ஓபரா போடப் போகிறார்களாம். இத்தாலியிலேயே எல்லோரும் மறந்துபோன ஓபராவாம். கூட்டமாகப் பாடும் பெண்களில் தடித்த குரல் ஒன்று குறைகிறதாம். பேர்ணடெட் "யெஸ், யெஸ்" என்றபடி வெள்ளரிக்காயை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவர் ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே பென்சிலால் அவளுடைய பெயர்.

"என்னங்க பேர்ணடெட், வாக்குவம் கிளீனர் போய் இப்ப நாடகமா?" என்றாள் பூங்கோதை.

"நான் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்!"

"ஆமா, நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. ஒருநாள் யாராவது கல்யாண மோதிரத்தையும் போட்டுட்டுப் போயிருவான்."

புத்தகம் முழுக்க இத்தாலியம். மிஸ்டர் கோல்மன் கதையைச் சொல்லிக் கொடுத்தார். ஜினேத்தா என்று ஒரு பெண். கடற்கரையில் உப்பளத்தில் வேலை. கப்பல்காரர் வீட்டு மகன் அவளில் உயிரையே வைத்திருக்கிறான். அவனுடைய அக்கா ஒருநாள் தேடி வந்து, நீ விலகாவிட்டால் எங்கள் குடும்பமே மூழ்கிவிடும் என்று அழுகிறாள். ஜினேத்தா "சீ" என்கிறாள். இத்தாலியத்தில் 'சீ' என்றால் ஓம். பிறகு காதலனிடம் போய், எனக்கு உன்னில் ஒரு விருப்பமும் இல்லை என்று பொய் சொல்கிறாள். அவன் கோபத்தில் கப்பலேறுகிறான். புயல் வருகிறது. ஜினேத்தா கோபுரத்தில் ஏறி, விடிய விடிய விளக்குப் பிடித்து அவன் கப்பலைக் கரை சேர்க்கிறாள். நனைந்து, காய்ச்சல் பிடித்து, அவன் மடியில் சாகிறாள். சாவதற்கு முன்னர் நிறுத்தாமல் பாடுகிறாள்.

கடைசிப் பகுதி பூங்கோதைக்கு விளங்கவில்லை. காய்ச்சல்காரிக்கு எப்படி அவ்வளவு மூச்சு வரும்? பேர்ணடெட்டுக்கு அதில் ஒரு புதினமும் இல்லை. மன்னார்க் கூத்துகளில் வேதசாட்சிகள் தலை கொடுக்க முன்னர் ராசாவே கொட்டாவி விடுகிற அளவுக்குப் பாடுவார்கள்.

ஓபராவால் அவளுக்கு ஒரு நல்ல காரியமும் நடந்தது. பாபகூராவுக்கும் நகரத்துக்கும் இடையே ரயிலில் அவள் இத்தாலிய வரிகளை வாய்க்குள் சொல்லிப் பாடமாக்குவாள். கண் மூடியிருக்கும், உதடு அசையும். அந்த ரயிலில் டிக்கெட் பார்க்கிற கார்ட் நவரத்தினம். ஊரில் கணக்கு ஆசிரியர், நாற்பதைத் தாண்டியும் கலியாணம் கட்டாதவர். அவள் செபமாலை சொல்கிறாள் என்று நினைத்து, குழப்பக் கூடாதென்று எட்டத்தில் நின்று காத்திருப்பார். செபம் முடிவதாக இல்லை. ரயில் பாபகூராவுக்கு வந்துவிடும், அவள் இறங்கிவிடுவாள். அந்தக் கிழமை முழுக்க அவள் டிக்கெட் இல்லாமலே போய் வந்தாள். அவர் ஏன் வருவதில்லை என்று அவளுக்கும் தெரியவில்லை.

கடைசியில் அவர் பொறுமை இழந்து, "அம்மா, எத்தினை செபமாலை?" என்று கேட்டார்.

"இது செபமாலை இல்லை. உப்பு அள்ளுற பொம்பிளையளின்ட பாட்டு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அதற்குப் பிறகு அவர் டிக்கெட்டை ஓட்டை போட்டுவிட்டு எதிர் இருக்கையில் கொஞ்ச நேரம் இருப்பார். குளிர்காலம் வருவதற்குள் 'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டது. கலியாணப் பேச்சும் வந்தது. இரண்டு பேரும் அதை நேராகச் சொல்லாமல், எந்த வீட்டில் எத்தனை வாக்குவம் கிளீனர் இருக்கலாம் என்று சுற்றிச் சுற்றிக் கதைத்தார்கள்.

நவரத்தினம் மவுண்ட் ரொஸ்கில்லில் தமக்கை யோகராணியின் வீட்டில் இருந்தார். அவரை இங்கே கூப்பிட்டு எடுத்ததும், விசாவுக்கு அலைந்ததும் அவதான். சைவக் குடும்பம். தம்பிக்குக் கொக்குவிலிலிருந்து ஒரு பெண்ணின் படம் வந்திருந்தது. பதில் இன்னும் அனுப்பவில்லை. இந்த நேரத்தில் தம்பி ஒரு வேதக்காரியோடு, கிறிஸ்தவப் பெண்ணோடு, ரயிலில் சிரித்துக் கதைப்பதை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை பேர்ணடெட்டின் டெலிபோன் அடித்தது. அவள் தேவாலயக் கொயரில் பாடப் போகும்போது போடுகிற பிளவுசை ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டாள்.

"பிள்ளை, நான் நவத்தின்ட அக்கா யோகராணி கதைக்கிறன்."

"ஓம் அக்கா."

"நான் உம்மைப் பிழை சொல்லேல்லை. நீர் நல்ல பிள்ளை எண்டு எல்லாரும் சொல்லுகினம்."

"ஓம்..."

"அவன்தான் ஒரு விளங்காதவன். அம்மா சாகேக்க இவனை என்ர கையிலதான் தந்தவ."

"ஓம்... ஓம்..."

யோகராணி மூச்சு விடாமல் கதைக்கிறவ. நடுவில் ஓம் வராவிட்டால் லைன் அறுந்துவிட்டதென்று "ஹலோ! ஹலோ!" என்று கத்துவா. ஆகவே பேர்ணடெட் கையிலே மடிப்பையும் வாயிலே ஓமையும் விடாமல் பார்த்துக்கொண்டாள். அம்மாவின் வருத்தம் வந்தது, விசா வந்தது, கொக்குவில் வந்தது, சாதகப் பொருத்தம் வந்தது. அந்த ஓட்டத்திலேயே, மூச்சு மாறாமல், "அப்ப நீர் அவனை விட்டிடுவீர்தானே பிள்ளை" என்பதும் வந்தது.

பிளவுசின் கொலர் சுருங்கிக் கிடந்தது. "ஓம்..." என்றாள் பேர்ணடெட்.

"பெரிய மனசு பிள்ளை உமக்கு!" என்று தழுதழுத்துவிட்டு யோகராணி வைத்துவிட்டா.

என்ன இது, நல்ல மனுசியாகத்தானே இருக்கிறா என்று நினைத்துக்கொண்டே பேர்ணடெட் பிளவுசின் மற்றக் கையை ஸ்திரிக்கை போட்டாள்.

திங்கட்கிழமை ரயிலில் வேறு ஒரு கார்ட் வந்தார். செவ்வாயும் அவர்தான். காய்ச்சலாக இருக்கும் என்று பேர்ணடெட் நினைத்தாள். மவுண்ட் ரொஸ்கில் வீட்டுக்குப் போன் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் யோகராணியின் குரல்தான். வெட்கத்தில் வைத்துவிடுவாள். விசயம் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் பிறகுதான் வெளியே வந்தது. கொயர் நடத்துகிற ஏர்னஸ்ட் மாஸ்டர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஊர்ச் செய்தியெல்லாம் முதலில் அவருக்குத்தான் வரும். அவரிடமிருந்துதான் மற்றவர்களுக்குப் போகும்.

"பிள்ளை, நீர் செய்தது சின்னத் தியாகமே? அந்த மனுசி கோயில் முழுக்கச் சொல்லிப் புகழுறாவாம்."

"என்ன மாஸ்டர் தியாகம்?"

"மறைக்காதையும். நவரத்தினத்தை விட்டுத்தாறன் எண்டு ஓம் சொல்லீட்டீராம்."

பேர்ணடெட்டுக்கு ஸ்திரிக்கைப் பெட்டியின் சூடு முகத்தில் அடித்தது போல் இருந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் வசந்தமலர் என்ற ஒரு அம்மா வந்து அவளைக் கட்டிப்பிடித்து, அரைக் கேக்கைத் தாளில் சுற்றிக் கையில் வைத்துவிட்டா. பின்னால் இன்னும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

உடனே மறுத்திருக்கலாம். மறுக்காததற்கு முதல் காரணம் கோபம். அக்கா சொன்னதை நம்பி, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரயில் மாறிப் போன மனிதனுக்காக என்னத்தை மறுக்கிறது? இரண்டாவது காரணத்தை அவள் பூங்கோதைக்குக்கூடச் சொல்லவில்லை. அது கொஞ்சம் இனித்தது. இதுவரை அவளை யாரும் பார்த்ததில்லை. பாண் தருகிற கை, கொயரில் பின்வரிசைக் குரல், அவ்வளவுதான். இப்போது எல்லோரும் பார்த்தார்கள். ஜினேத்தாவைப் பார்ப்பது போல. அவள் ரயில் சன்னலில் நெற்றியைச் சாய்த்து, தூரத்தைப் பார்க்கப் பழகினாள். மோசமில்லாமல்தான் வந்தது. ஒருநாள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்ததில், இறங்கிப் பார்த்தால் அது பாபகூராவே இல்லை. முன்னுக்கிருந்த ஏதோ ஒரு ஸ்டேஷன். மழை வேறு. நனைந்து, தும்மி, அடுத்த ரயிலுக்குக் காத்து நின்றாள். ஜினேத்தாவுக்கு விளக்காவது இருந்தது.

அந்தக் கிழமை ஒத்திகையில் அக்கா வந்து அழுகிற காட்சி. ஜினேத்தாவாகப் பாடியவள் டெப்ரா, ஒரு பல் வைத்தியரிடம் ரிசப்ஷனில் வேலை செய்கிறவள். காதலன் குழாய் திருத்துகிறவர். டெப்ரா "சீ" என்று பாட, உப்பளப் பெண்களும் பின்னால் நின்று "சீ, சீ" என்று பாட வேண்டும். மிஸ்டர் கோல்மன் கையைத் தட்டி நிறுத்தினார்.

பேர்ணடெட், உன்னுடைய 'சீ' சரியில்லை என்றார். நீ தலையாட்டிக்கொண்டு கதை கேட்கிறவள் மாதிரிப் பாடுகிறாய். இது அந்த 'சீ' இல்லை. இந்த ஒரு சொல்லோடு அவளுடைய வாழ்க்கையே முடிகிறது. வித்தியாசம் இருக்கிறது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேர்ணடெட்டுக்கு வழக்கமாகக் கேள்வி வராது. அன்றைக்கு வந்தது. ஜினேத்தா ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை என்று கேட்டாள்.

மிஸ்டர் கோல்மன் கண்ணாடியைக் கழற்றினார். சொல்லியிருந்தால் முதலாம் அங்கத்திலேயே எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றார்.

மண்டபமே சிரித்தது. பேர்ணடெட் சிரிக்கவில்லை. முதலாம் அங்கத்திலேயே வீட்டுக்குப் போவதில் என்ன குறை? வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கலாம். பிறகு கடைசிக் காட்சியையும் பார்த்தாள். டெப்ரா அழகாகச் செத்தாள். எல்லோரும் டெப்ராவுக்குத்தான் கைதட்டினார்கள். அவளை மடியில் வைத்திருந்த குழாய்க்காரரை ஒருவரும் பார்க்கவில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மனிதர் முழங்காலில் இருந்தார். பேர்ணடெட்டுக்கு டிக்கெட் ஓட்டை போடுகிற கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

மறுநாள் லஞ்ச் பாரில் பூங்கோதையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஐயோ, உங்க ஓம்முக்கு ஒரு விலங்கு போடணும்ங்க. நாங்க பாருங்க, 'ம்'முனு சொல்லுவோம். 'ம்'முனு சொன்னா யாரும் கல்யாணத்த நிறுத்த முடியாது." பூங்கோதை கத்தியை மேசையில் வைத்தாள். "அவரு எந்த ரயில்ல இருக்காரு? தேடுங்க. ஸ்டேஷன்ல கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

சொன்னார்கள். நவரத்தினம் மேற்குப் பக்கம் போகிற ரயிலுக்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தார். பேர்ணடெட் வேலை முடிந்து அதில் ஏறி, டிக்கெட் வாங்காமல் நடு இருக்கையில் இருந்தாள். அவர் வந்தார். அவளைக் கண்டதும் தொப்பியைத் தொட்டார், பிறகு ஓட்டை போடுகிற கருவியைத் தொட்டார்.

"டிக்கெட்..."

"இல்லை."

"டிக்கெட் இல்லாட்டி இறக்க வேணும்."

"இறக்கிப் பாரும்."

பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பத்திரிகையை இறக்கிக்கொண்டார். தமிழ் விளங்காவிட்டாலும் இது நல்ல இடம் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"நீர் ஓம் எண்டு சொன்னீராம்," என்றார் நவரத்தினம் மெதுவாக.

"சொன்னனான்தான். கேட்டுக்கொண்டிருந்தனான் எண்ட ஓம். உம்மட அக்கா கதைக்கேக்க ஓம் சொல்லாமல் இருந்து பாரும், 'ஹலோ ஹலோ' எண்டு காதைக் கிழிப்பா."

அது உண்மை என்று அவருக்குத் தெரியும். முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"அப்ப நீர் என்னை விடேல்லையே?"

"விடுறதெண்டால் உம்மட்டைத்தானே சொல்லுவன்? அக்காட்டைச் சொல்ல இது என்ன, வாடகை வீடே? நீர் ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"நீர் பெரிய தியாகம் செய்திட்டீர் எண்டு அக்கா அழுதவ. அதைக் குழப்பக் கூடாதெண்டு... நானும் ஒரு தியாகம் செய்தன்."

"என்னத்தை?"

"உம்மட ரயிலை."

அவளுக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் அவர் இருக்கையில் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"பேர்ணடெட், அக்கா இல்லாட்டி நான் இங்கை இல்லை. அவவின்ட வாயால ஓம் எண்டு வராமல் என்னால ஒண்டும் செய்ய ஏலாது. கோவிக்காதையும்."

"ஓமெண்டுதானே வர வேணும்? வரும்," என்றாள் பேர்ணடெட்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் யோசித்து ஒரு டெலிபோன் எடுத்தாள். நேரமும் பார்த்துத்தான் எடுத்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம், யோகராணி கோயிலுக்கு வடை சுடுகிற நேரம். ரிசீவர் எங்கே செருகப்பட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"அக்கா, நான் பேர்ணடெட் கதைக்கிறன்."

"ஓம், சொல்லும் பிள்ளை." பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம்.

"அண்டைக்கு நீங்கள் சொன்னதெல்லாம் யோசிச்சனான்."

"ஓம்..."

"தம்பிக்காக நீங்கள் படாத பாடில்லை."

"ஓம் பிள்ளை, ஓம்."

"அவர் இப்ப ஒழுங்காச் சாப்பிடுறதும் இல்லையாம்."

"ஓம், பாணைக் கடிச்சுப்போட்டு எழும்பிடுறான்."

"அவர் சந்தோசமா இருக்கிறதுதானே உங்களுக்கும் சந்தோசம்."

"ஓம்... ஓம்..."

"அதுக்காகத்தான் நானும் அவரும் கலியாணம் கட்டுறம். உங்களுக்குச் சம்மதம்தானே அக்கா."

"ஓ...ம்?"

அந்த ஓம் நடுவில் நீண்டு, கடைசியில் மேலே வளைந்தது. என்னடி சொல்கிறாய் என்ற ஓம் அது. பேர்ணடெட்டுக்கு வடிவாகவே விளங்கியது.

"உங்களுக்குப் பெரிய மனசு அக்கா!" என்று சொல்லிவிட்டு வைத்தாள். ரிசீவரின் சூடு ஆற முன்னரே ஏர்னஸ்ட் மாஸ்டருக்குப் போன் எடுத்தாள்.

மிச்ச வேலையை மாஸ்டர் பார்த்துக்கொண்டார். அன்று யோகராணி வடைச் சட்டியோடு கோயில் மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்க முன்னரே செய்தி போய் இருந்துவிட்டது. ஒரு வேதக்காரப் பிள்ளையின் தியாகத்தைப் பார்த்து மனமிரங்கி, தானே முன்னின்று கலியாணம் செய்து வைக்கிற அக்கா! யார் செய்வார் இந்தக் காலத்தில்? பெண்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ஐயர்கூட விபூதி கொடுக்கும்போது இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். யோகராணி மூன்று தடவை வாயைத் திறந்தா. மூன்று தடவையும் யாரோ கட்டிப்பிடித்தார்கள். நாலாவது தடவை அவவுக்கே அது கொஞ்சம் இனித்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, "பிள்ளையளின்ட சந்தோசம்தானே முக்கியம்," என்று சொல்லிவிட்டா.

வீட்டுக்குப் போய்த் தம்பிக்கு முன்னால் வடையை வைத்து, "உந்தப் பெட்டை லேசுப்பட்டவள் இல்லை," என்றாவாம். நவரத்தினம் சாப்பிட்டுக்கொண்டே, "ஓம் அக்கா," என்றாராம்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஓபரா நடந்தது. நகர மையத்தில் ஒரு பழைய மண்டபம், பாதிக் கதிரைகள் காலி. மூன்றாவது வரிசையில் மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் யோகராணி, பக்கத்தில் கோட் போட்ட நவரத்தினம், அந்தப் பக்கம் பூங்கோதை. பேர்ணடெட் கிழிந்த பாவாடையோடு உப்புக் கூடையைச் சுமந்து நின்றாள். அக்கா வந்து அழுத காட்சியில் அவளுடைய 'சீ' மண்டபத்தின் கடைசி வரிசை வரை போனது. மிஸ்டர் கோல்மன் புருவத்தை உயர்த்திப் பார்த்தார். திருப்தி.

ஜினேத்தா செத்தபோது யோகராணி மூக்கைச் சிந்திய சத்தம் வயலின்களுக்கு மேலாகக் கேட்டது.

திரை விழுந்த பிறகு, முகப்பூச்சுக்கூட அழிக்காமல் பேர்ணடெட் வெளியே வந்தாள். யோகராணியின் கண் இரண்டும் சிவந்திருந்தன. நவரத்தினம் கையில் ஒரு பூங்கொத்தை வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்கச் சந்தர்ப்பம் பார்த்து நின்றார்.

"அந்தக் கப்பல்காரன்ட அக்கா ஒரு மனுசியே?" என்றா யோகராணி. "போயும் போயும் ஒரு ஏழைப் பெட்டையிட்டைப் போய் அழுறாள்! இந்தப் பெட்டைக்கும் விசர். வாய் இருக்குத்தானே? மாட்டன் எண்டு முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு வில்லங்கம் வந்திருக்குமே?"

"ஓம் அக்கா," என்றாள் பேர்ணடெட்.

யோகராணி கண்ணைத் துடைத்த கைலேஞ்சியை இறக்கி அவளை உற்றுப் பார்த்தா.

"இது எந்த ஓம்?"